46 புள்ளி முன்னிலையில் ரயிலேறியவன்

2025 ஜூலை 27, ஞாயிற்றுக்கிழமை. மெல்பர்ன் நகரத்து டாக்லாண்ட்ஸ் மைதானத்தில் ஃபுட்டி, அதாவது ஆஸ்திரேலியக் கால்பந்து. நாலு குவார்ட்டரில் மூன்றாவது முடிந்து சைரன் ஒலித்தபோது எங்கள் மெல்பர்ன் அணி செயின்ட் கில்டாவைவிட 46 புள்ளி முன்னால் இருந்தது. நான் மகளைப் பார்த்து எழுந்திரு என்றேன். மறுநாள் பள்ளிக்கூடம். ஆட்டம் முடிந்தபின் சதர்ன் கிராஸ் நிலையத்தில் கூட்டத்தோடு முட்டிமோதி கிரான்பர்ன் வண்டியில் ஏறினால் ஒரு மணி நேரம் நின்றுகொண்டே போக வேண்டும். இப்போதே கிளம்பினால் உட்கார இடம் கிடைக்கும். அவள் வர மாட்டேன் என்றாள். "ஆட்டம் முடிஞ்சாச்சும்மா, இனிமே சும்மா ஓடுவாங்க" என்று சொல்லி இழுத்துக்கொண்டு வந்தேன். இடம் கிடைத்தது. ஜன்னலோரமே கிடைத்தது.

ரிச்மண்ட் தாண்டும்போது போனில் ஸ்கோரைப் பார்த்தேன். செயின்ட் கில்டா இரண்டு மூன்று கோல் போட்டிருந்தது. போகட்டும், 46 புள்ளி என்றால் கிட்டத்தட்ட எட்டு கோல். அடுத்த முறை பார்த்தபோது போனைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டேன், பார்க்காவிட்டால் நடக்காது என்பதுபோல. எதிரே சிவப்பு-வெள்ளை-கறுப்பு கழுத்துத்துணி போட்ட ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். அவரும் என்னைப்போல் முன்கூட்டியே கிளம்பிவந்த ஆள்தான், அணி மட்டும் எதிரணி. அவர் முகம் மாற மாற எனக்கு ஸ்கோர் தெரிந்தது. கால்ஃபீல்டு நெருங்கும்போது அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

நடந்தது இதுதான். கடைசி நிமிடத்தில் செயின்ட் கில்டாவின் நசையா வாங்கனீன்-மிலெரா ஒரு கோல் போட்டு ஆட்டத்தைச் சமன் செய்தார். மிச்சம் சில நொடிகள். நடுவில் பந்தை மறுபடி தட்டி எழுப்ப வேண்டும். அந்த நேரத்தில் ஒவ்வொரு அணியும் இரண்டு முனைகளிலும் நடுவிலும் ஆறு ஆறு பேராக நிற்க வேண்டும் என்று 2019 முதல் விதி. எங்கள் ஆட்கள் அப்படி நிற்கவில்லை. எண்ணி நிற்கத் தெரியாமல் ஒரு ஃப்ரீ கிக்கைக் கொடுத்தார்கள். ரோவன் மார்ஷல் நெடுக உதைத்தார், அதே வாங்கனீன்-மிலெரா பிடித்தார், சைரன் அடித்த பிறகு நிதானமாக உதைத்துக் கோலாக்கினார். ஆறு புள்ளி வித்தியாசத்தில் தோல்வி. மூன்றாவது குவார்ட்டர் முடிவில் அவ்வளவு பின்னால் இருந்த எந்த அணியும் இந்த லீக்கின் வரலாற்றில் அதற்கு முன் ஜெயித்ததில்லை. 1995இல் பிரிஸ்பேன் பேர்ஸ் 45 புள்ளியிலிருந்து மீண்டதுதான் அதுவரைக்கும் சாதனை. நம் ஊரில் குவார்ட்டர் என்றால் வேறு. நாலாவதில் கால் தடுமாறுவது மட்டும் இரண்டுக்கும் பொது.

மகள் அழவில்லை. தோற்றதைப் பற்றி அவளுக்குப் பெரிய வருத்தமும் இல்லை. "பெஸ்ட் மேட்ச் எவர்! நீ என்னை ரயில்ல உட்கார வச்சிட்டே" என்றாள். வீடு வரைக்கும் பேசவில்லை.

## ஃபார்ம் வீட்டில் இல்லை

எட்டு வருஷத்துக்கு முன் கிரான்பர்ன் ஈஸ்டில் வீடு வாங்கியபோது எனக்கு ஃபுட்டி பற்றி ஒன்றும் தெரியாது. முட்டை வடிவப் பந்து, கையில்லாத பனியன், நாலு கம்பம். நடு இரண்டு கம்பத்துக்குள் போனால் ஆறு புள்ளி, ஓரக் கம்பத்துக்குள் போனால் ஒரு புள்ளி. தவறிப்போனதற்கும் ஒரு புள்ளி கொடுக்கும் ஆட்டத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அதற்குப் பெயர் பிஹைண்ட். இந்த நகரத்தில் எந்த அலுவலகத்தில் சேர்ந்தாலும் முதல் வாரத்திலேயே எந்த அணி என்று கேட்டுவிடுவார்கள், நாம் எந்த ஊர் என்று கேட்பதுபோல. மெல்பர்ன் அணி எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் கேசி ஃபீல்ட்ஸில் பயிற்சி செய்கிறது என்று தெரிந்ததும் அதையே சொல்லிவிட்டேன். அவர்கள் 1964க்குப் பிறகு கோப்பையே வாங்கவில்லை என்பதை யாரும் முன்னாடி சொல்லவில்லை.

ஃபார்ம் என்ற சொல்லை கிரிக்கெட்டிலிருந்து எடுத்து நாம் வீட்டுச் சொல்லாகவே ஆக்கிவிட்டோம். 'ஆட்டத்திறன்' என்று பத்திரிகையில் எழுதுவார்கள், டீக்கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். 'ஃபார்ம்ல இல்ல' என்போம், 'வீட்ல இல்ல' என்பதுபோல. எங்கேயோ வெளியே போயிருக்கிறது, பொழுது சாய்ந்தால் வந்துவிடும் என்ற தொனி அதில் இருக்கிறது. அந்தத் தொனிதான் எனக்குள் உறுத்திக்கொண்டிருக்கிறது. 2021இல் கோப்பை வாங்கிய அணி 2025இல் 18 அணிகளில் 14ஆம் இடத்தில் நிற்கிறது என்றால், எதுவோ ஒருநாள் கதவைத் திறந்து வெளியே போயிருக்க வேண்டும். எந்த நாள்? ஆளுக்கு ஒரு நாளைச் சொல்கிறார்கள். பாதிப் பேர் நான் ரயிலில் இருந்த அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்த வருஷம் முதல் ஐந்து ஆட்டத்தையும் தோற்றுத்தான் ஆரம்பித்தார்கள்.

பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு எழுபது வயது. குளிர்காலத்தில் அணி தோற்க ஆரம்பித்ததும் மெல்பர்ன் ரசிகர்கள் எல்லாம் பனிச்சறுக்கப் போய்விடுவார்கள் என்று மற்ற அணிக்காரர்கள் கிண்டல் செய்வதுண்டு, பணக்காரர்கள் அணி என்று ஒரு பெயர். இவர் ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன். பனிமலைப் பக்கமே போனதில்லை. 1964 இறுதியாட்டத்தை ஒன்பது வயதில் அப்பாவோடு நின்று பார்த்தவர். அன்று நீல் கிராம்டன் என்ற தற்காப்பு ஆட்டக்காரர், தன் இடத்தை விட்டு முன்னே வந்து, கடைசி நிமிடங்களில் போட்ட கோலில் காலிங்வுட்டை நாலு புள்ளியில் ஜெயித்தார்கள். அது பத்து வருஷத்தில் ஆறாவது கோப்பை. இனி வருஷா வருஷம் வாங்குவோம் என்று நினைத்ததாகச் சொல்வார்.

அதே வருஷக் கடைசியில் ரான் பராஸி கார்ல்டன் அணிக்குப் போய்விட்டார். மெல்பர்ன் என்றாலே பராஸிதான், முதுகில் 31. அவர் போன செய்தி வந்த வாரம் பெரியவரின் அம்மா மகன் பனியனில் தைத்திருந்த 31ஐப் பிரித்தெடுத்தாராம். அடுத்த வருஷம், 1965இல், முதல் எட்டு ஆட்டமும் ஜெயித்தார்கள். ஜூலையில், ஆறு கோப்பை வாங்கித் தந்த பயிற்சியாளர் நார்ம் ஸ்மித்தை நிர்வாகம் வேலையைவிட்டு நீக்கியது. சில நாளில் மறுபடி கூப்பிட்டுக்கொண்டார்கள். எதற்கு நீக்கினார்கள், எதற்குக் கூப்பிட்டார்கள் என்று இன்றும் சண்டை. அணி ஏழாம் இடத்தில் முடித்தது. 1964க்குப் பிறகு 57 வருஷம் கோப்பை இல்லை. நார்ம் ஸ்மித் சாபம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். கண்ணேறு, சாபம் எல்லாம் நம் சரக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எலுமிச்சம்பழம் கட்டாத குறைதான்.

அந்த 57 வருஷத்தைக் கதையாகச் சொல்லாமல் ஒரே எண்ணாகச் சொல்கிறவர்கள் உண்டு: 186. 2011 ஜூலை 30, ஜீலாங்கில் அத்தனை புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்கள், 233க்கு 47. பெரியவர் அந்த எண்ணைச் சொல்ல மாட்டார். 185க்கு அடுத்தது என்பார்.

## தண்ணீர் நிறைய வந்த வருஷம்

சாபம் 2021 செப்டம்பர் 25 அன்று நீங்கியது, பெர்த் நகரத்தில். மெல்பர்ன் நகரம் பூட்டிக் கிடந்தது. இரவு ஒன்பது மணிக்கு மேல் ஊரடங்கு, யார் வீட்டுக்கும் யாரும் போகக் கூடாது. அதற்கு மூன்று நாள் முன்னால் நிலநடுக்கம் வேறு. 57 வருஷம் காத்திருந்த கூட்டம் அவரவர் வீட்டில் தனித்தனியாக டிவி பார்த்தது. மூன்றாவது குவார்ட்டரில் வெஸ்டர்ன் புல்டாக்ஸ் 19 புள்ளி முன்னால் போனபோது பெரியவர் வீட்டு விளக்கு அணைந்தது. அதிலிருந்து ஆட்டம் முடியும்வரை மெல்பர்ன் போட்டது 100 புள்ளி, புல்டாக்ஸ் போட்டது 7. விளக்கு எப்போது மறுபடி எரிந்தது என்று நான் கவனிக்கவில்லை. முடிந்ததும் வெளியே வந்து வேலியோரம் நின்றார், நானும் என் பக்கம் நின்றேன். இரண்டு மீட்டர் இடைவெளி. அவர் ஒன்றும் பேசவில்லை, குப்பைத் தொட்டியை ஒருமுறை தட்டிவிட்டு உள்ளே போனார்.

2022இல் முதல் பத்து ஆட்டமும் ஜெயித்தார்கள். பதினொன்றாவது ஆட்டத்தில் ஃப்ரீமாண்டிலிடம் தோற்றார்கள். அந்த வருஷம் முதல் நான்கு இடத்துக்குள் வந்து, அதனால் கிடைக்கும் இரண்டாவது வாய்ப்பையும் சேர்த்து, இறுதிச்சுற்றின் இரண்டு ஆட்டத்தையும் தோற்றார்கள். 2023இலும் அப்படியே. இந்த இரண்டு வருஷத்தையும் 'கொஞ்சம் அதிர்ஷ்டம் இல்லை' என்று எல்லோரும் கடந்துபோனோம். நானும்தான். என் கணக்கில் தப்பு அங்கேதான்.

2023 செப்டம்பர் 7, வியாழக்கிழமை இரவு, காலிங்வுட்டோடு முதல் இறுதிச்சுற்று ஆட்டம். எம்சிஜியில் 90,000க்கும் மேல் கூட்டம். பெரியவர் எங்கள் வீட்டில் உட்கார்ந்து பார்த்தார். அவருக்கு ஒரு பழக்கம்: ஏதாவது பழைய பில்லின் பின்பக்கத்தில், பந்து எதிரணியின் கோலுக்கு முன்னால் உள்ள ஐம்பது மீட்டர் வளைவுக்குள் போகும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போடுவார். ஆட்டம் ஆரம்பித்துச் சில நிமிடத்திலேயே ஆங்கஸ் பிரேஷா உதைத்த பந்தைத் தடுக்க காலிங்வுட்டின் பிரேடன் மேனார்ட் காற்றில் பாய்ந்தார். பாய்ந்தவரின் தோள் பிரேஷாவின் தலையில் மோதியது. பிரேஷா அசையாமல் கிடந்தார். ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள். மேனார்ட் மேல் குற்றமில்லை என்று பிறகு தீர்ப்பாயம் சொன்னது. பிரேஷாவுக்கு அதற்கு முன்னும் தலையில் அடிகள் பட்டிருந்தன. அதன்பிறகு அவர் ஆடவே இல்லை. 2024 பிப்ரவரியில், 28 வயதில் ஓய்வு பெற்றுவிட்டார்.

அந்த அதிர்ச்சிக்குப் பிறகும் அணி பந்தை முன்னேதான் கொண்டுபோய்க்கொண்டிருந்தது, அதுதான் வேடிக்கை. பில்லில் இடம் போதாமல் பெரியவர் ஓரத்தில் கோடு போட ஆரம்பித்தார். பந்தை நெடுக, உயரமாக, ஓரத்தை ஒட்டி உதைப்பார்கள். கீழே ஏழெட்டுப் பேர் கும்பலாக எம்புவார்கள், காலிங்வுட் ஆள் ஒருவர் குத்தி வெளியே தள்ளுவார். மெல்பர்ன் மறுபடி அதை எடுத்து மறுபடி அதே இடத்துக்கு உதைக்கும். காலிங்வுட்டுக்கு எப்போதாவது ஒருமுறை பந்து கிடைக்கும், நாலே கையில் மறுமுனைக்குப் போய்விடும். கடைசியில் டிவியில் எண் காட்டினார்கள்: வளைவுக்குள் போனது மெல்பர்ன் 69 முறை, காலிங்வுட் 37 முறை. ஸ்கோர் 53க்கு 60. ஏழு புள்ளியில் தோல்வி. ஏறக்குறைய இரண்டு மடங்கு முறை உள்ளே போய் ஏழே கோல்.

நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன். அன்று எனக்கு ஞாபகம் வந்தது கடைமடை. ஆற்றில் தண்ணீர் நிறைய வரும் வருஷத்தில் வாய்க்காலில் எங்கே உடைப்பு, எங்கே மண் மேடு என்று யாருக்கும் தெரியாது, எப்படியோ கடைசி வயலும் நனைந்துவிடும். தண்ணீர் குறையும் வருஷத்தில்தான், தலைப்பில் திறந்தது எல்லாம் எங்கே போச்சு என்று கேட்டுக்கொண்டு வரப்பில் நடப்பார்கள். 2021இல் மேக்ஸ் கானும் பெட்ராக்காவும் கிளேட்டன் ஆலிவரும் நடுவில் பந்தை எடுத்த எடுப்பு, பின்னால் ஸ்டீவன் மேயும் ஜேக் லீவரும் வருவதையெல்லாம் பிடித்துத் திருப்பிய திருப்பு, அது காவிரி பெருக்கெடுத்த வருஷம். முன்வரிசைக்குப் போகிற வாய்க்கால் அன்றும் சரியில்லை. பேஃப்ரிட்ச் இறுதியாட்டத்தில் ஆறு கோல் போட்டதால் யாரும் குனிந்து பார்க்கவில்லை. பேஃப்ரிட்ச் என்று நான் சொல்வது பெய்லி ஃப்ரிட்ச். எங்கள் வீட்டில் ஒரே மூச்சில் அப்படித்தான் கூப்பிடுவோம்.

ஜெயித்துக்கொண்டிருக்கும்போது முறையை மாற்று என்று எந்தப் பயிற்சியாளரிடமும் யாரும் சொல்ல மாட்டார்கள். மற்ற அணிகள் மட்டும் மாற்றிக்கொண்டன, இவர்களை வைத்தே மாற்றிக்கொண்டன. நெடுக உதைத்தால் பின்னால் லீவர் பிடித்துவிடுவார் என்று தெரிந்ததும் பந்தைத் தாழ்வாக, வேகமாக, நடுவாகக் கொண்டுபோகக் கற்றுக்கொண்டன. க்ளப்பும் சும்மா இருக்கவில்லை. கானுக்குத் துணையாகவும் முன்வரிசைக்கு உயரமாகவும் இருக்கட்டும் என்று 2022 கடைசியில் ப்ரோடி க்ரண்டியைக் கொண்டுவந்தார்கள். ஒரே வருஷத்தில் அவர் சிட்னிக்குப் போய்விட்டார். உடைப்பு ஒரு இடம், மண் கொட்டியது வேறொரு இடம்.

காலிங்வுட்டிடம் தோற்றதற்கு அடுத்த வாரம், 2023 செப்டம்பர் 15, கார்ல்டன். மெல்பர்ன் போட்டது 9 கோல், 17 பிஹைண்ட், மொத்தம் 71. கார்ல்டன் 11 கோல், 7 பிஹைண்ட், 73. இரண்டு புள்ளி. மறுநாள் காலை ரான் பராஸி இறந்துபோன செய்தி வந்தது, 87 வயது. தன்னுடைய பழைய அணியைத் தன்னுடைய இன்னொரு பழைய அணி வெளியேற்றிய மறுநாள். பெரியவர் அன்று முழுக்கத் தோட்டத்தில்தான் இருந்தார். நான் போய்ப் பேசவில்லை. என்ன சொல்வது?

## எண் 5

அதற்குப் பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். 2024 ஜூன் 10, மறுபடி காலிங்வுட். எதிராளியின் முழங்கால் இடித்துப் பெட்ராக்காவுக்கு நாலு விலா எலும்பு முறிந்து, நுரையீரலில் ஓட்டை விழுந்து, மண்ணீரல் கிழிந்தது. அதோடு அவருக்கு அந்த வருஷம் முடிந்தது. அணி 14ஆம் இடம். அடுத்த வருஷமும் 14ஆம் இடம், ஏழே வெற்றி. நடுவில்தான் நான் ரயிலேறிய அந்த ஞாயிற்றுக்கிழமை. அடுத்த வாரம் வெஸ்ட் கோஸ்டை ஜெயித்தார்கள். ஜெயித்த கையோடு, ஆகஸ்ட் 5 அன்று, சைமன் குட்வினை வேலையைவிட்டு நீக்கினார்கள். நார்ம் ஸ்மித்துக்குப் பிறகு அந்த அணிக்குக் கோப்பை வாங்கித் தந்த ஒரே பயிற்சியாளர் அவர். நீக்கியது சரிதான் என்றுதான் நினைக்கிறேன், ஒன்பது வருஷம் ஒரே குரலைக் கேட்டால் காது மரத்துப்போகும். ஆனாலும் 1965ஐ இவ்வளவு ஒழுங்காக நடித்துக்காட்ட வேண்டுமா என்று இருந்தது.

என் வாய்க்கால் கதையில் ஒரு ஓட்டை இருப்பது எனக்கே தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று குவார்ட்டர் வரைக்கும் கடைமடைக்கு நன்றாகவே தண்ணீர் வந்தது. வராமல் இருந்தால் 46 புள்ளி ஏது? அன்று போனது வேறு ஏதோ. எதிரணி ஒரு கோல் போட்டதும் நடுவில் நின்ற கால்கள் கனத்துப்போயின, அடுத்த கோலுக்கு இன்னும் கனத்தன. கடைசியில் ஆறு பேரை எண்ணி நிறுத்தக்கூட யாருக்கும் தோன்றவில்லை. முழு ஆட்டத்தையும் பிறகு பதிவில் இரண்டு முறை பார்த்துவிட்டேன். நாலாவது குவார்ட்டரின் முதல் கோல் விழும்போது திரையின் இடது ஓரத்தில், நாங்கள் உட்கார்ந்திருந்த பகுதியில், இரண்டு காலி நாற்காலி தெரிகிறது. எங்களுடையதாக இல்லாமலும் இருக்கலாம்.

செப்டம்பரில் ஸ்டீவன் கிங் என்பவரைப் பயிற்சியாளராகப் போட்டார்கள். அக்டோபரில் கிளேட்டன் ஆலிவர் ஜயண்ட்ஸுக்குப் போனார், பெட்ராக்கா கோல்ட் கோஸ்டுக்குப் போனார். பெட்ராக்காவின் எண் 5. மகளின் பனியனிலும் முதுகில் 5. செய்தி வந்த அன்று பள்ளிவிட்டு வந்தவளிடம் சொன்னேன். ஓ என்றாள், தோசை கேட்டாள். சாப்பிட்டுவிட்டு பனியனை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். பராஸி போனபோது அவர் வீட்டில் என்ன செய்தார்கள் என்று எப்போதோ சொன்ன கதை அவளுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது.

கால் மணி நேரம் கழித்து நான் போய்ப் பார்த்தேன். பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பனியனைச் சமையலறை விளக்கடியில் பிடித்திருந்தார். பக்கத்தில் ஒரு சின்னக் கத்தரிக்கோல். அந்தக் காலத்தில் துணியில் வெட்டித் தைப்பார்களாம், நூலைப் பிரித்தால் வந்துவிடுமாம். பிரித்த இடத்தில் 31 வடிவத்துக்கு வெயில் படாத நீலம் மட்டும் பளிச்சென்று இருந்ததால், போட்டுக்கொண்டு போனபோதெல்லாம் எல்லோரும் அந்த எண்ணை வாசித்தார்களாம். இப்போது இஸ்திரி வைத்து ஒட்டிவிடுகிறார்கள். உரித்தால் துணியும் சேர்ந்து கிழியும் என்றார். மகள் யோசித்துவிட்டு, பரவாயில்லை, மூட்டைப்பூச்சி மருந்து அடிக்கிற அன்றைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்றாள். எங்கள் வீட்டில் மூட்டைப்பூச்சி கிடையாது. இதை அவள் எங்கே கற்றுக்கொண்டாள் என்று அவர் என்னைப் பார்த்தார். ஊரில் என் அம்மா பழைய துணி எதையும் தூக்கிப்போட மனசில்லாமல் சொல்கிற சாக்கு அது.

இரவு அதைப் போட்டுக்கொண்டுதான் தூங்கினாள்.